தடைக்காலத்தில் பிள்ளைகளுக்குப் பழைய கார்ட்டூன் படம் போடுவது எப்படி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில்தான் கிடக்கும், பள்ளிக்கூடமும் பெரும்பாலும் லீவு, அப்பாக்களும் வீட்டில் இருப்பார்கள். பாம்பன், மண்டபம் பக்கம் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துப் பழைய கார்ட்டூன் படம் காட்ட இதைவிட நல்ல காலம் கிடையாது. மூன்று வருடமாக எங்கள் மொட்டைமாடியில் போட்டு வருகிறேன், அதில் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

முதல் நாளே பெரிய படம் வேண்டாம். செல்போனில் அரை நிமிட வீடியோவாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு 1937-இல் வந்த ஸ்னோ ஒயிட் எடுத்த எடுப்பில் ஒட்டாது, அது பிள்ளையின் தப்பும் இல்லை. ஏழெட்டு நிமிடப் படத்தில் தொடங்குங்கள். டாம் அண்ட் ஜெர்ரி 1940-லிருந்து ஓடுகிறது, பேச்சே தேவையில்லை. அப்புறம் 1974-இல் மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்காக விஜயா மூலே எடுத்த 'ஏக் அனேக் ஔர் ஏக்தா'. இந்திதான், பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே தமிழில் கதை சொல்லுங்கள். வலையில் சிக்கிய பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து வலையோடு பறக்கும், எலிகள் வந்து வலையைக் கடித்து விடுவிக்கும். எல்லாப் பிள்ளைகளும் கைதட்ட, ஒரு பையன் மட்டும் "வலை போச்சே மாமா, இனி யாரு பின்னுவா?" என்றான். அவன் அப்பா அன்று பகல் முழுக்கக் கிழிசல் வலையோடுதான் உட்கார்ந்திருந்தார். இப்படிப் பேச்சு வந்தால் உடனே நிறுத்திவிட்டுப் பேசுங்கள், படம் எங்கும் ஓடிவிடாது.

நீளமான படத்துக்கு வரும்போது நம் கடலோடு ஒட்டுவதை எடுங்கள். 2003-இல் வந்த ஃபைண்டிங் நீமோவில் வருவது கோமாளி மீன், அதன் சொந்தக்கார மீன்கள் நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. ஆரம்பத்திலேயே தாய் மீனைத் தாக்குகிற பெரிய மீனைப் பார்த்து "ஊளி! ஊளி!" என்று முன்வரிசை கத்தியது, பாரகுடா மீனுக்கு நம் ஊரில் அதுதான் பெயர். ஆனால் ஒன்று, இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். நீமோவில் அம்மா சாகிறாள், பாம்பியிலும் அம்மா, லயன் கிங்கில் அப்பா. நம் ஊரில் கடலுக்குப் போன அப்பா திரும்பி வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் எந்தப் படமானாலும் முதலில் நீங்கள் தனியாக முழுக்கப் பாருங்கள், அந்த இடம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று குறித்து வைத்துக்கொண்டு, அப்படிப்பட்ட பிள்ளையின் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் சரி என்றால் மட்டும் போடுங்கள். அந்த நேரம் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

ஜப்பானியர்களும் நம்மவர்களும் சேர்ந்து எடுத்த 1993-ஆம் ஆண்டு ராமாயணப் படத்தையும் விட்டுவிடாதீர்கள், 2025-இல் தமிழிலும் தியேட்டருக்கு வந்தது. இரண்டே கால் மணி நேரம் என்பதால் இரண்டு ராத்திரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வானரங்கள் பாலம் கட்டும் இடம் வந்தால் தனுஷ்கோடித் திட்டுகளைப் பார்த்த பிள்ளைகள் நம்மைப் பேசவே விடமாட்டார்கள்.

திரைக்கு வெள்ளை வேட்டி போதும். கச்சான் காற்றில் படபடக்கும், அதற்கு வலையில் கோக்கும் ஈயக்குண்டுகளைக் கீழோரத்தில் அரை முழத்துக்கு ஒன்றாகக் கட்டினால் நிற்கும். காசு இருந்தால் ஸ்பீக்கருக்குச் செலவழியுங்கள், படம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள், கடலோரக் காற்றில் சத்தம் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

படம் முடிந்ததும் "என்ன கருத்து?" என்று கேட்டு அறுக்க வேண்டாம். ஆளுக்கொரு பழைய நோட்டைக் கொடுங்கள். நொடிக்கு 24 படம் ஓடுகிறது, ஒரே ஓவியத்தை இரண்டிரண்டு முறை படம்பிடித்தாலும் 12 வரைய வேண்டும், ஏழு நிமிடத்துக்கே ஐயாயிரத்துக்கு மேல் என்று கணக்குச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பக்க ஓரத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வரைந்து விரலால் விசிறச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, 2025-இல் திறந்த புதுப் பாம்பன் ரயில் பாலத்தின் நடுப்பகுதி கப்பலுக்கு வழிவிட நேரே மேலே ஏறுவதை நாற்பது பக்கத்தில் வரைந்திருந்தாள். அவள் தாத்தா விசிறிப் பார்த்துவிட்டு, "எங்க காலத்துப் பாலம் இப்படி இல்லத்தா, ரெண்டு கையையும் விரிச்ச மாதிரில திறக்கும்" என்றார். இப்போது அதே நோட்டின் மறு ஓரத்தில் பழைய பாலம் பாதி திறந்து நிற்கிறது.