வரி வீதத்துக்கு ஒரு பெயர்

எங்கள் கடையின் எக்செல் விற்பனைப் பட்டியலில் ஜிஎஸ்டி தொகை முதல் வரிசையில் மட்டும் சரியாக வந்து, கீழே எல்லாம் பூஜ்யமாக நின்றது. 18% என்ற வீதம் எஃப்1 கலத்தில் இருக்க, நான் சூத்திரத்தைக் கீழே இழுத்தபோது அந்த முகவரியும் எஃப்2, எஃப்3 எனக் கூடவே இறங்கி வெற்றுக் கலங்களைப் பெருக்கிக்கொண்டிருந்தது. டாலர் குறியிட்டு ($F$1) முகவரியை நகராமல் நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அது எதைக் குறிக்கிறது என்று எனக்கே விளங்காது.

ஆகவே அந்தக் கலத்துக்கு ஒரு பெயர் வைக்க எண்ணி, எஃப்1-இல் நின்று, சூத்திரப் பட்டைக்கு இடப்பக்கமுள்ள பெயர்ப் பெட்டியில் ‘ஜிஎஸ்டி18’ என்று ஆங்கில எழுத்தில் தட்டி என்டரை அழுத்தினேன். பெயர் பதிவாகவில்லை, தாள் வலப்புறம் எங்கோ தொலைவில் ஒரு வெற்றிடத்துக்குத் தாவிவிட்டது. 2007 பதிப்பு முதல் எக்செல்லில் 16,384 நெடுவரிசைகள் இருந்து, அவற்றின் பெயர்கள் மூன்றெழுத்து வரை நீள்வதால், மூன்றெழுத்தும் எண்ணும் சேர்ந்த அந்தப் பெயர் உண்மையிலேயே ஒரு கலத்தின் முகவரி என்பது அப்போதுதான் உறைத்தது.

பெயரில் இடைவெளியும் கூடாது என்பதால், அடிக்கோடு சேர்த்து ‘ஜிஎஸ்டி_ரேட்’ என்று வைத்தேன். இப்போது சூத்திரம் ‘=சி5*ஜிஎஸ்டி_ரேட்’ என்றிருக்கிறது. எத்தனை வரிசை இழுத்தாலும் சி5 மட்டுமே நகர்கிறது.