டாங்கி மாடலுக்குள் ஒயர் இழுக்க, பழைய மின் ஒயரே போதும்

1/35 அளவு, அதாவது நிஜத்தைவிட 35 மடங்கு சிறிய ஷெர்மன் (இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க டாங்கி) மாடலின் கோபுரத்துக்குள், அதாவது பீரங்கி உள்ள சுழலும் மேல்பகுதிக்குள், ரேடியோ ஒயர்களைக் காட்ட, கடையில் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். வீணாய்ப் போன மின் ஒயரின் தோலை உரித்து, உள்ளே இருக்கும் மெல்லிய செம்பு இழை ஒன்றை உருவினால் போதும். 0.2 மி.மீ. இழை இந்த அளவில் 7 மி.மீ. கேபிளாகத் தெரியும், ஏறக்குறைய நிஜம்தான். செம்பு வளைத்த இடத்தில் அப்படியே நிற்கும். பிளாஸ்டிக் இழை மாதிரி திமிறாது. மாடல் பாகங்களை ஒட்டும் பசையான பிளாஸ்டிக் சிமென்ட் செம்பில் பிடிக்காது, ஃபெவிக்விக்கை ஊசி முனையில் தொட்டு வையுங்கள். அப்புறம் பெயின்ட்.

1/72 மாடலுக்கு இது சரிவராது, இழை தடித்துத் தெரியும். கோபுரத்தின் மேல்மூடியை ஒட்டி மூடப் போகிறீர்களா? உள்ளே இருப்பது வெளியே தெரியாது, இந்த மெனக்கெடலே வேண்டாம்.