பாதிக் கணக்கில் பேரேட்டை மாற்றாதீர்கள்: பாயிங்க் அப்டேட்டில் நாம் செய்யும் தவறுகள்

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் எனக்கு ஒரு சின்ன டிடிபி கடை. இரண்டு கம்ப்யூட்டர். பகலில் இரண்டும் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை என்று அடித்துத் தள்ளும். ராத்திரி ஷட்டரை இறக்கிய பிறகு வானத்தில் பல்சார் என்ற, வேகமாகச் சுழலும் நட்சத்திரங்களைத் தேடும். இந்த ராத்திரி வேலைக்குச் சம்பளம் கிடையாது, கரண்ட் பில் மட்டும் உண்டு.

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பெரிய ஆராய்ச்சிக் கணக்குகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஊர் உலகத்தில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பி, விடையை வாங்கிக்கொள்கிறார்கள். இதைப் பிரபலமாக்கியது அமெரிக்காவின் பெர்க்லியில் 1999 மே மாதம் தொடங்கிய செட்டி அட் ஹோம். பெயரைக் கேட்டால் எங்கள் ஊரில் "நம்ம ஆளுக ஆரம்பிச்சதா?" என்பார்கள். இல்லை, அது வேற்றுக்கிரக வாசிகளின் சமிக்ஞையைத் தேடியது. 2020 மார்ச் 31-உடன் புது வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. ஆனால் அதற்காகப் பிறந்த, துண்டுகளை வாங்கி ஓட்டி விடையைத் திருப்பி அனுப்பும் பாயிங்க் மென்பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. உலக சமூக கிரிட், 2005-இல் தொடங்கிய ஐன்ஸ்டீன் அட் ஹோம், ரொசெட்டா அட் ஹோம் போன்ற திட்டங்கள் எல்லாம் அதன் மேல்தான் ஓடுகின்றன. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தைக் கொண்டுவந்த ஊர் இது. நம்மால் முடிந்தது ஒரு பிராசஸர்.

புது வெர்ஷன் வந்தால்தான் தொல்லை. "புதுசு வந்துருச்சுண்ணே" என்று கடைக்கு ஓடிவரும் கல்லூரித் தம்பிகளுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துத்தான் இதை எழுதுகிறேன்.

எது புதுசு என்று முதலில் பாருங்கள்

"புது வெர்ஷன்" என்ற ஒரே பேச்சில் இரண்டு வெவ்வேறு பொருள் இருக்கிறது. ஒன்று பாயிங்க் என்ற மேனேஜர் மென்பொருள். இன்னொன்று, ஒவ்வொரு திட்டமும் கணக்குப் போடுவதற்கென்று அனுப்பும் அப்ளிகேஷன். முந்தையதை விண்டோஸில் நாமே டவுன்லோடு செய்து போட வேண்டும். பிந்தையது வேலையோடு சேர்ந்து தானாக வந்து இறங்கும், நாம் தொட வேண்டியதில்லை. ஐன்ஸ்டீனில் புது அப்ளிகேஷன் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, பாயிங்கையே அழித்துவிட்டுத் திரும்பப் போட்ட ஆள் எனக்குத் தெரியும். தேவையே இல்லாத வேலை. கையில் ஏற்கெனவே இருக்கும் டாஸ்க்குகள் (வந்து இறங்கிய கணக்குத் துண்டுகள்) எந்த அப்ளிகேஷனோடு வந்தனவோ அதிலேயே முடியும். அடுத்து வருபவை புதியதில் ஓடும். அவ்வளவுதான்.

இதில் ஒரு விதிவிலக்கு. வேகமாக ஓடுகிறது என்று யாரோ தனியாகத் தயாரித்த அப்ளிகேஷனைச் சிலர் கையால் ஃபோல்டரில் போட்டு வைத்திருப்பார்கள். அப்படிச் செய்த கம்ப்யூட்டருக்குத் திட்டம் தன் புது வெர்ஷனை அனுப்பாது. "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று நீங்கள் எழுதிக்கொடுத்த மாதிரி அது. போட்டதை மறந்துவிட்டால், ஊரெல்லாம் புதியதில் ஓட உங்களுடையது மட்டும் பழையதில் நிற்கும்.

பாதிக் கணக்கு

வட்டிக்கடைக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கணக்கப்பிள்ளை ஐந்தொகை எடுக்காமல், அதாவது பழைய கணக்கை நேர்செய்து முடிக்காமல், புதுப் பேரேடு திறக்க மாட்டார். பாயிங்க் அப்டேட்டுக்கும் அதே முறைதான், ஆனால் அதிகம் பேர் தவறுவது இங்கேதான்.

உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் டாஸ்க் உங்களோடு முடிகிற விஷயமில்லை. பல திட்டங்களில் ஒரே கணக்கை இரண்டு பேருக்கு அனுப்புவார்கள். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் செல்லும். நீங்கள் பாதியில் கைவிட்டால், பின்லாந்திலோ பிரேசிலிலோ ஒருவர் முடித்துக் கொடுத்த விடை உங்களுக்காகக் காத்துக் கிடக்கும். கெடு தாண்டிய பிறகு மூன்றாவது ஆளுக்கு அனுப்பி, அவர் முடிக்கும்வரை அது தொங்கும். சில திட்டங்கள் ஒரே வகை பிராசஸரும் ஒரே இயங்குதளமும் உள்ள கம்ப்யூட்டர்களைத்தான் ஜோடி சேர்க்கும். தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் கடைசி இலக்கங்கள் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் மாறும் என்பதால் அந்த ஏற்பாடு. அங்கே மாற்று ஆள் கிடைப்பது இன்னும் தாமதமாகும்.

பாயிங்க் நின்று திரும்ப ஓடும்போது டாஸ்க் கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடரும் என்பது பொதுவாக உண்மைதான். அந்த நம்பிக்கையில் அப்டேட் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் எல்லா அப்ளிகேஷனும் இடையில் சேமிப்பதில்லை. சேமிக்காதது முதலிலிருந்து தொடங்கும். பருவநிலை மாதிரிகள் போல நாள்கணக்கில் ஓடுபவையும், கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி இயங்கும் விர்ச்சுவல் பாக்ஸுக்குள் ஓடுபவையும் பட்டென்று நிறுத்துவதைத் தாங்காமல் போகலாம். எட்டு நாள் ஓடிய ஒரு டாஸ்க்கை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கக் கலக்கத்தில் இப்படித்தான் சாகடித்தேன். தப்பு முழுக்க என்னுடையது.

இப்போது என் வழக்கம் வேறு. புது வெர்ஷன் போடத் தீர்மானித்த அன்றே ஒவ்வொரு திட்டத்துக்கும் "நோ நியூ டாஸ்க்ஸ்" கொடுத்துவிடுவேன். கையில் இருப்பது முடியட்டும், விடை போய்ச் சேரட்டும், பட்டியல் காலியாகட்டும். இரண்டு மூன்று நாள் ஆகும். ஆகட்டும். அப்புறம் பாயிங்கை மூடினால் போதும் என்றும் நினைக்காதீர்கள். ஜன்னலை மூடினாலும் பின்னால் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மெனுவில் போய் வெளியேறச் சொல்லும்போது, ஓடும் டாஸ்க்குகளையும் நிறுத்தவா என்று கேட்கும். ஆமாம் என்று சொல்ல வேண்டும்.

பேக்கப் எடுப்பது நல்லதுதான். விண்டோஸில் புரோகிராம் டேட்டா என்ற மறைந்து கிடக்கும் ஃபோல்டருக்குள் பாயிங்கின் டேட்டா ஃபோல்டர் இருக்கும். உங்கள் பயனர் கணக்கு, அமைப்புகள், பாதி டாஸ்க்குகள் எல்லாம் அதில்தான். ஆனால் பத்து நாள் பழைய பிரதியைத் திரும்பப் போட்டால், ஏற்கெனவே கொடுத்து முடித்த டாஸ்க்குகளை மறுபடி ஓட்டத் தொடங்கும். அதே ஃபோல்டரை இன்னொரு கம்ப்யூட்டரில் போடுவது அதைவிட மோசம். இரண்டும் ஒரே பெயரில் திட்டத்தின் சர்வரிடம் போய் நிற்கும், சர்வர் குழம்பும். இரண்டாவது கம்ப்யூட்டருக்குப் புதிதாக இன்ஸ்டால் செய்து, அதே பயனர் கணக்கில் சேர்த்தால் போதும்.

போட்ட பிறகு வரும் பதற்றம்

புது அப்ளிகேஷன் வந்ததும் மீதி நேரம் "40 நாள்" என்று காட்டும். அல்லது மூன்று நிமிஷம் என்று காட்டிவிட்டு ஆறு மணி நேரம் ஓடும். இரண்டையும் நம்ப வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டர் இந்த வெர்ஷனை எவ்வளவு வேகத்தில் ஓட்டும் என்பது சர்வருக்கு இன்னும் தெரியாது. பத்து டாஸ்க் முடிந்து சரிபார்க்கப்பட்ட பிறகுதான் அதன் கணிப்பு ஓரளவு நிதானத்துக்கு வரும். அதற்குள் பயந்து, டாஸ்க்கைக் கைவிடும் "அபார்ட்" பட்டனை அழுத்துபவர்கள் பலர். ஒரு டாஸ்க்கின் சதவீதம் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது ஏறினால் விட்டுவிடுங்கள்.

இதே காரணத்தால்தான், அப்டேட் போட்ட வாரத்தில் பத்து நாளுக்கு வேலையைச் சேர்த்து வைக்கும் அமைப்பு கூடாது. கணிப்பு தப்பினால் முடிக்கவே முடியாத அளவு டாஸ்க் வந்து குவியும். அரை நாள் இருப்பு போதும்.

"ரீசெட் ப்ராஜெக்ட்" பட்டனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் மெக்கானிக்குகள் எதற்கெடுத்தாலும் ரீஸ்டார்ட் சொல்வதுபோல, இதை மருந்தாகச் சொல்பவர்கள் உண்டு. அது அந்தத் திட்டத்தின் எல்லா டாஸ்க்கையும் தூக்கி எறியும். வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

கிராபிக்ஸ் கார்டில் ஓட்டுபவர்களுக்கு வேறு தலைவலி. கார்டை இயக்குவதற்கென்று விண்டோஸ் தானாகப் போடும் டிரைவர் மென்பொருளில் கணக்குப் போடுவதற்கான ஓபன்சிஎல் பகுதி சில சமயம் இருக்காது. திரை பளிச்சென்று தெரியும், பாயிங்க் மட்டும் கார்டே இல்லை என்று சொல்லும். கார்டு செய்த நிறுவனத்தின் டிரைவரைப் போட்டால் சரியாகும். இன்னொன்று: இன்ஸ்டால் செய்யும்போது "சர்வீஸ்" ஆக (பின்னணியில் தானாக ஓடுவதாக) போடவா என்று ஒரு டிக் இருக்கும். விண்டோஸில் அதைத் தேர்ந்தெடுத்தால் கிராபிக்ஸ் கார்டு வேலை செய்யாது. ஒரு தம்பி இரண்டு வாரம் கார்டையே சந்தேகப்பட்டு, மதுரை வரை கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தான்.

டிரைவர் கெட்டால் நஷ்டம் வேகமாக வரும். பிராசஸர் டாஸ்க் தோற்க மணிக்கணக்கு ஆகும். கிராபிக்ஸ் டாஸ்க்கோ ஐந்து விநாடியில் தோற்று அடுத்ததை இழுக்கும். தூங்கி எழுவதற்குள் நூறு டாஸ்க் பாழ். சர்வர் இதைக் கவனித்து உங்கள் தினசரி ஒதுக்கீட்டைக் குறைத்துக்கொண்டே போகும். பிறகு "எனக்கு வேலையே தரமாட்டேங்குது" என்று புலம்பல். ஒழுங்காக முடித்துக் கொடுக்கக் கொடுக்க ஒதுக்கீடு திரும்ப ஏறும். அதனால் அப்டேட் போட்ட முதல் ஒரு மணி நேரம் பக்கத்தில் இருங்கள். ராத்திரி ஷட்டர் இறக்கும் நேரத்தில் போடவே போடாதீர்கள்.

ஃபோல்டிங் அட் ஹோம் வேறு வீடு

2000-இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய, புரதங்கள் மடியும் விதத்தைக் கணக்கிடும் ஃபோல்டிங் அட் ஹோம் பாயிங்கில் ஓடுவதில்லை. அதன் மென்பொருளே தனி. ஏழாம் வெர்ஷனிலிருந்து எட்டுக்குப் போகும்போது, பழையதில் ஓடுவதை முடித்துக் கொடுத்த பிறகே மாறுங்கள். பாதியில் இருப்பதைப் புதியது எடுத்துக்கொள்ளாது. உங்களை அடையாளம் காட்டும் பாஸ்கீ என்ற சங்கேத எழுத்துகளைத் திரும்ப உள்ளிட மறப்பதும் சகஜம். அது இல்லாவிட்டால் சீக்கிரம் முடிப்பதற்கான கூடுதல் புள்ளி கிடைக்காது. நகரத்தார் கோயில் கணக்கில் புள்ளி என்றால் ஒரு குடும்பம், வரி கட்ட வேண்டும். இங்கே வாங்கும் புள்ளிக்கு வரியும் இல்லை, மதிப்பும் இல்லை. இருந்தாலும் குறைந்தால் மனசு கேட்பதில்லை.

சூடு, கரண்ட்

அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் உங்கள் பழைய கட்டுப்பாடுகள் போய், தொடக்க அமைப்புகள் திரும்ப வரலாம். மார்கழியில் இது தெரியாது. அக்னி நட்சத்திரத்தில் தெரியும். எங்கள் பூர்வீக வீட்டில் தடிமனான சுவரும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் இருப்பதால் இரண்டாங்கட்டில் வைத்த கம்ப்யூட்டர் மே மாதத்திலும் பிழைத்துக்கொள்ளும். தகர ஷட்டர் போட்ட கடையில் அது நடக்காது. அப்டேட் முடிந்ததும் எத்தனை சதவீதம் பிராசஸர் என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். கடையில் நான் 50-க்கு மேல் விடுவதில்லை.

செலவுக் கணக்கும் போட்டுப் பாருங்கள். 100 வாட் கூடுதலாக இழுக்கும் கம்ப்யூட்டர் நாள் முழுக்க ஓடினால் 2.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். பில் வந்த பிறகு அப்பச்சியிடம் பல்சார் பற்றி விளக்குவது கடினம்.

டவுன்லோடு விஷயத்தில் ஒரே வரி: திட்டத்தின் சொந்தத் தளம், இல்லாவிட்டால் லினக்ஸின் சொந்தக் களஞ்சியம். தேடியதும் மேலே வரும் "இலவச டவுன்லோடு" தளம் வேண்டவே வேண்டாம். சோதனை வெர்ஷன் என்று போட்டிருப்பதும், சோதித்துக் குறை சொல்ல நேரம் இருப்பவர்களுக்குத்தான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே திரையின் மூலையில் பாயிங்க் புது வெர்ஷன் இருப்பதாக அறிவிப்பு காட்டுகிறது. இரண்டு டாஸ்க் மிச்சம். ஒன்று 71 சதவீதம், மற்றது 38. வியாழக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. வெள்ளிக்கிழமை காலையில் பால் வாங்கிவிட்டு வந்து போட்டுக்கொள்ளலாம்.