கீறல் சோதனை: கோடு கோணாமல் போடுவது எப்படி

மார்பகப் புற்றுநோய் செல்கள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்று பார்க்க, செலவு குறைந்த வழி கீறல் சோதனைதான்: தட்டில் நிறைந்த செல்களின் நடுவே ஒரு கோடு கீறி, அந்த இடைவெளி எவ்வளவு சீக்கிரம் மூடுகிறது என்று பார்ப்பது. நான் எம்.டி.ஏ-எம்.பி-231, எம்.சி.எஃப்-7 என்ற இரண்டு மார்பகப் புற்றுநோய் செல் வகைகளையும் சேர்த்தே செய்வேன். முதலாவதில் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் இ-காட்ஹெரின் புரதம் கிடையாது, நகரும் செல்களில் மிகுந்திருக்கும் வைமென்டின் புரதம் ஏராளம். இரண்டாவதில் நேர் எதிர்.

ஆறு குழித் தட்டில் செல்கள் இடைவெளியில்லாமல் நிறைந்ததும், 200 மைக்ரோலிட்டர் பிப்பெட் முனையைச் செங்குத்தாகப் பிடித்து ஒரே இழுப்பு. ஸ்கேல் வைத்துக்கொள்ளுங்கள்; வெறுங்கையால் நான் போட்ட முதல் கோடு பாம்பு மாதிரி நெளிந்தது. கழுவும் திரவத்தைக் குழியின் சுவரோரமாக ஊற்றுங்கள். நேராக ஊற்றினால் எம்.சி.எஃப்-7 தாள் போல உரிந்து வரும். தட்டின் அடியில் மார்க்கரால் குறியிட்டு, அதே இடத்தைக் கீறிய உடனேயும், 12, 24 மணி நேரம் கழித்தும் படமெடுங்கள்.

சரி, இடைவெளி மூடியது செல் நகர்ந்ததாலா, பெருகியதாலா? பலர் சறுக்குவது இங்கேதான். வளர்ப்புத் திரவத்தில் செல்களைப் பெருகத் தூண்டும் சீரத்தை 10 சதவீதத்திலிருந்து 1 ஆகக் குறையுங்கள், அல்லது மைட்டோமைசின்-சி என்ற மருந்து கொடுத்துப் பெருக்கத்தை நிறுத்துங்கள். ஒரு புரதம் நகர்வை மாற்றுகிறதா என்று பார்க்க அதை அடக்கியிருந்தால், அது உண்மையில் குறைந்ததா என்று, புரதத்தின் அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் பாருங்கள்.

அப்புறம், தட்டில் வேகம் கூடியதை வைத்து நோயாளியின் எதிர்காலத்தை எழுதிவிடாதீர்கள். லோபுலர் என்ற வகை மார்பகக் கட்டிகளிலும், 231-ஐப் போலவே, பெரும்பாலும் இ-காட்ஹெரின் இருக்காது. ஆனாலும் அவற்றில் மிகப்பல ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவை, ஹார்மோன் சிகிச்சைக்கு உரியவை. நோயின் போக்கை முன்கணிக்க, நோயாளிகளின் திசுவில் நீங்கள் ஆராயும் புரதத்துக்குச் சாயமேற்றி, அவர்கள் உயிர்வாழ்ந்த காலத்தோடு, காலப்போக்கில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் கப்லான்-மெயர் வரைபடத்தில் ஒப்பிட வேண்டும்.