பூட் ஆகும்போதே திறக்க வேண்டிய டிஸ்க்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸில் ஒரு டிஸ்க்கை என்கிரிப்ட் செய்ய இன்று பெரிதாக எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். இன்ஸ்டால் செய்யும்போது ஒரு டிக் போட்டு பாஸ்வேர்ட் கொடுத்தால் முடிந்தது. தொல்லை பிறகுதான் தொடங்குகிறது. இரண்டாவதாக ஒரு டிஸ்க் சேர்ப்போம், மெமரி போதாதபோது பயன்படும் ஸ்வாப் பகுதியை மாற்றுவோம், தினமும் பாஸ்வேர்ட் அடித்து அலுத்துப்போய்த் தானாகத் திறக்கும்படி வைப்போம். அடுத்த ரீபூட்டில் கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கும். டேட்டா பத்திரமாக உள்ளே இருக்கிறது, நாம் வெளியே நிற்கிறோம்.

பூட் ஆகும் நேரத்தில் எந்தக் கோப்பு யார் கண்ணில் படும் என்று யோசிக்காததால் வருபவைதான் இதில் பாதித் தவறுகள். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் லினக்ஸின் மையமான கெர்னலோடு சேர்ந்து இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறிய கோப்புத் தொகுப்பு மெமரியில் ஏறுகிறது. சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் அப்போது பூட்டியே கிடக்கிறது. கீபோர்டைப் படிப்பது, பாஸ்வேர்ட் கேட்பது, பூட்டைத் திறப்பது எல்லாமே அந்தச் சிறு தொகுப்பின் வேலை. எந்த டிஸ்க்கை எப்படித் திறப்பது என்று சொல்லும், நீங்கள் கவனமாகத் திருத்திய கிரிப்ட்டேப் கோப்போ பூட்டுக்கு உள்ளே இருக்கிறது. அப்போது படிக்கப்படுவது, கடைசியாக இனிட்ராம்எஃப்எஸ் தயாரித்தபோது எடுத்து வைத்த பழைய நகல்.

அதனால் ரூட் டிஸ்க்கைத் தொடும் எந்த மாற்றத்துக்குப் பிறகும் அந்தத் தொகுப்பைப் புதிதாகத் தயாரிக்க வேண்டும். டெபியன், உபுண்டுவில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், ஃபெடோராவில் டிராகட், ஆர்ச்சில் பொதுவாக எம்கேஇனிட்சிபிஐஓ. இதை மறப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. ரூட் திறந்த பிறகு திறக்கப்படும் டேட்டா டிஸ்க்குகளுக்கு இந்தக் கவலை இல்லை. சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி அவற்றை உண்மையான கிரிப்ட்டேப்பைப் படித்தே திறக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல், "போன தடவை டேட்டா டிஸ்க்குக்கு ஒன்றும் செய்யவில்லையே, வேலை செய்ததே" என்று ரூட்டிலும் விட்டுவிடுகிறார்கள். தயாரித்தபின் எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் அல்லது எல்எஸ்இனிட்ஆர்டி கட்டளையால் தொகுப்பைத் திறந்து, பூட்டைத் திறக்கும் கருவியான கிரிப்ட்செட்டப் உள்ளே வந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அரை நிமிட வேலை.

அடுத்தது பெயர்க் குழப்பம். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் டிஸ்க்குகளுக்கு நிரந்தரமானவை அல்ல. கெர்னல் எந்த வரிசையில் கண்டுபிடிக்கிறதோ அந்த வரிசையில் வைக்கிறது. ஒரு யுஎஸ்பி செருகியிருந்தாலே வரிசை மாறலாம். யுயுஐடி என்ற மாறாத அடையாள எண்ணைக் கொடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த யுயுஐடி என்பதில்தான் தடுமாற்றம். பூட்டிய பார்ட்டிஷனுக்கு ஒன்று, அதைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஃபைல்சிஸ்டத்துக்கு இன்னொன்று. பிஎல்கேஐடி கட்டளை இரண்டையும் காட்டும். கிரிப்ட்டேப்பில் போக வேண்டியது வெளியே இருக்கும் லக்ஸ் (லினக்ஸின் என்கிரிப்ஷன் வடிவம்) பெட்டியின் யுயுஐடி. எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப்பில் போக வேண்டியது உள்ளே இருப்பது. மாற்றிப் போட்டால் இல்லாத டிஸ்க்குக்காக சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டு, பழுது பார்ப்பதற்கான எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும்.

இந்தப் பெயர்க் குழப்பம் உயிரை வாங்குவது ஸ்வாப் விஷயத்தில். ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் புதிய ரேண்டம் கீயால் ஸ்வாப்பை என்கிரிப்ட் செய்யும் ஏற்பாடு நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த வரி சொல்வது என்ன என்று நிதானமாகப் படியுங்கள்: இந்தப் பார்ட்டிஷனை எடு, புதிய கீ போடு, மேலே ஸ்வாப்பாக ஃபார்மட் செய். பூட் ஆகும் ஒவ்வொரு முறையும், யாரையும் கேட்காமல். அங்கே எஸ்டிபி2 என்று எழுதியிருந்து, ஒரு நாள் எஸ்டிபி என்ற பெயர் உங்கள் படங்கள் இருக்கும் டிஸ்க்குக்குப் போனால் அழிவது அந்தப் படங்கள். எல்லா டிஸ்ட்ரோவும் இதைச் சோதித்துத் தடுக்கும் என்று நம்பி இருக்க முடியாது. இங்கே சாதாரண யுயுஐடியும் உதவாது. அது பார்ட்டிஷனுக்குள் எழுதியிருப்பது, முதல் தடவையிலேயே அழிந்துபோகும். பார்ட்டிஷன் டேபிளில் பதிந்திருக்கும் பார்ட்யுயுஐடியைக் கொடுங்கள். இன்னொன்று, ரேண்டம் கீ ஸ்வாப் வைத்திருந்தால் ஹைபர்நேட் கிடையாது. அணைத்ததும் கீ போய்விடுகிறது, எழுதி வைத்த மெமரியைத் திரும்பப் படிக்க வழியில்லை.

கையால் அடிக்கும் பாஸ்வேர்டுக்குப் பதிலாக டிஸ்க்கைத் திறக்கும் கோப்பான கீ ஃபைலுக்கு வருவோம். இதில் நானே ஒரு இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். கையால் அடித்தால் திறக்கிற பாஸ்வேர்ட், அதையே ஒரு கோப்பில் எழுதி வைத்தால் திறக்கவில்லை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன், பிழை இல்லை. கடைசியில் கோப்பின் அளவைப் பார்த்தேன். பாஸ்வேர்ட் 12 எழுத்து, கோப்பு 13 பைட். எக்கோ கட்டளை கடைசியில் ஒரு நியூலைனைச் சேர்த்துவிட்டிருந்தது. கையால் அடிக்கும்போது என்டர் தட்டியதோடு பாஸ்வேர்ட் முடிகிறது, அந்த என்டர் கணக்கில் வராது. கோப்பிலிருந்து படிக்கும்போது கிரிப்ட்செட்டப் கடைசி பைட் வரை அப்படியே எடுத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு பைட்டால் அது வேறு பாஸ்வேர்ட் ஆகிவிட்டது. கோப்பில் பாஸ்வேர்டை எழுதுவதையே விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. ரேண்டம் பைட்டுகளால் ஒரு கோப்பு உண்டாக்கி, அதைத் தனி ஸ்லாட்டில் (லக்ஸில் ஒரு சாவிக்கான இடம்) சேருங்கள். லக்ஸ்1-இல் 8 ஸ்லாட், லக்ஸ்2-இல் 32 வரை உண்டு. கையால் அடிக்கும் பாஸ்வேர்ட் அதன் ஸ்லாட்டில் அப்படியே இருக்கட்டும்.

கீ ஃபைலை வைக்கும் இடம் அதைவிட முக்கியம். ரூட் டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால், இரண்டாவது டிஸ்க்கின் கீயை ரூட்டுக்குள் வைப்பது சரியான ஏற்பாடு. ஒரு பாஸ்வேர்ட் அடித்தால் இரண்டும் திறக்கும், அணைத்தால் இரண்டும் பூட்டும். கோப்பை ரூட் யூசர் மட்டும் படிக்கும்படி 0400 அனுமதியில் வையுங்கள். ஆனால் ரூட் டிஸ்க்கின் கீயையே இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் வைத்து, அந்தத் தொகுப்பு இருக்கும் பூட் பார்ட்டிஷனை என்கிரிப்ட் செய்யாமல் விட்டால், சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டுப் போன கதைதான். டிஸ்க்கைக் கழற்றி எடுத்துப் போகிறவருக்குச் சாவியும் சேர்ந்தே கிடைக்கிறது. செட்டிங் கோப்புகள் இருக்கும் எட்சி ஃபோல்டரை எங்கேயாவது பேக்கப் எடுக்கிறீர்களா? கீ ஃபைலும் அதோடு போகிறதா என்று இன்றே பாருங்கள்.

கீபோர்டையும் சொல்லிவிடுகிறேன். டெஸ்க்டாப்பில் நீங்கள் தேர்ந்தெடுத்த லேஅவுட் பூட் நேரத்தில் இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. பூட் பார்ட்டிஷனும் என்கிரிப்ட் ஆகியிருந்து, கெர்னலை ஏற்றும் பூட்லோடரான கிரப் பாஸ்வேர்ட் கேட்டால், அது அமெரிக்க லேஅவுட்டில்தான் படிக்கும். எல்லா லேஅவுட்டிலும் ஒரே இடத்தில் இருக்கும் சாதாரண ஆங்கில எழுத்துகளைக் கொண்டு நீளமான பாஸ்வேர்ட் வைப்பது நல்லது. தமிழ் எழுத்தில் வைக்க ஆசை வரும். பூட் திரையில் அதை அடிக்க வழி இருக்காது. கிரப் பற்றி இன்னொன்று: 2.06, 2.12 பதிப்புகள் லக்ஸ்2-ஐத் திறக்கும், ஆனால் பாஸ்வேர்டிலிருந்து கீ உண்டாக்கும் பிபிகேடிஎஃப்2 முறையில் செய்த ஸ்லாட்டை மட்டும். கிரிப்ட்செட்டப் வழக்கமாகச் செய்வது ஆர்கான்2 என்ற வேறு முறையில். அப்படி ஸ்லாட் செய்துவிட்டால் சரியான பாஸ்வேர்டுக்கும் கிரப் கதவைத் திறக்காது.

கீயைப் பத்திரமாக வைத்துத் தரும் டிபிஎம் சிப் வழியாகத் தானாகத் திறக்க வைப்பது இப்போது எளிது. சிஸ்டம்டியின் கிரிப்ட்என்ரோல் கருவி 2021-இல் 248-ஆம் பதிப்போடு வந்தது. அந்த சிப், கம்ப்யூட்டர் பூட் ஆகும் நிலையின் அளவுகளை பிசிஆர் என்ற பதிவேடுகளில் வைத்துக்கொள்ளும், அளவு பொருந்தினால்தான் கீயைத் தரும். பிசிஆர் 0-இல் இருப்பது ஃபர்ம்வேரின் அளவு. அதில் கட்டினால் பயாஸ் அப்டேட் செய்த அன்றே கதவு சாத்திக்கொள்ளும். பிசிஆர் 7-இல் இருப்பது செக்யூர் பூட் நிலை, அது அவ்வளவு அடிக்கடி மாறாது. எதில் கட்டினாலும் பாஸ்வேர்ட் ஸ்லாட்டை அழிக்காதீர்கள், ஒரு ரெக்கவரி கீயும் உண்டாக்கி எழுதி வையுங்கள். மதர்போர்டு பழுதானால் டிபிஎம்மும் அதோடு போய்விடும். மேலும், பின் நம்பர் இல்லாத டிபிஎம், டிஸ்க்கை மட்டும் திருடுகிறவரைத் தடுக்கும். மடிக்கணினியை முழுசாகத் தூக்கிப் போகிறவருக்கு அது தானாகவே லாகின் திரை வரை திறந்து கொடுக்கும். வெளியே எடுத்துப் போகிற மெஷின் என்றால் பின் வையுங்கள்.

மானிட்டர் இல்லாத சர்வர் என்றால், இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற டிஸ்க்குகளுக்கு நோஃபெயில் ஆப்ஷன் கட்டாயம். கிரிப்ட்டேப், எஃப்எஸ்டேப் இரண்டிலும். ஒன்றில் மட்டும் போட்டால் போதாது. பேக்கப் டிஸ்க் ஒன்று கழன்றதற்காக முழு சர்வரும் எமர்ஜென்சி மோடில் நிற்கும், நீங்கள் எஸ்எஸ்எச்சில் உள்ளே போகவும் முடியாது.

ரீபூட் செய்யும் முன் கிரிப்ட்செட்டப்பின் டெஸ்ட்-பாஸ்ஃப்ரேஸ் ஆப்ஷனால் பாஸ்வேர்டையும் கீ ஃபைலையும் தனித்தனியே சோதியுங்கள். அது எதையும் திறக்காமல், பொருந்துகிறதா என்று மட்டும் சொல்லும். ஸ்லாட்டுகள் இருக்கும் லக்ஸ் ஹெடரையும் வேறொரு டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். லக்ஸ்2-இல் வழக்கமாக 16 எம்பிதான் அது. அது கெட்டுப்போனால் பாஸ்வேர்ட் தெரிந்தும் பயனில்லை. பாஸ்வேர்ட் யாருக்காவது தெரிந்துவிட்டது என்று மாற்றினால் பழைய ஹெடர் பேக்கப்பையும் அழிக்க வேண்டும். அதை வைத்துப் பழைய பாஸ்வேர்டால் இன்னும் திறக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் பூட் ஆகவில்லை என்றால் பதற வேண்டாம். லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, டிஸ்க்கைக் கையால் திறந்து, மவுண்ட் செய்து, பூட் பார்ட்டிஷனையும் அதன் இடத்தில் மவுண்ட் செய்து, ச்ரூட் கட்டளையால் அந்த சிஸ்டத்துக்குள் போய் இனிட்ராம்எஃப்எஸ்ஸைத் தயாரிக்கலாம். திறக்கும்போது கிரிப்ட்டேப்பில் இருக்கும் அதே பெயரைக் கொடுங்கள். டெபியன், உபுண்டுவில் வேறு பெயரில் திறந்திருந்தால், தயாரிக்கும் ஸ்கிரிப்ட் இதுதான் அந்த ரூட் டிஸ்க் என்று அடையாளம் காணாமல், அதைத் திறக்கும் விவரத்தைத் தொகுப்பில் சேர்க்காமல் விட்டுவிடும். சரிசெய்த மெஷின் மறுபடி அதே கறுப்புத் திரையில் வந்து நிற்கும்.