கேள்வி கேட்பதில் நாம் செய்யும் தவறுகள்

அதிகாரத்தில் இருப்பவர் சொன்னார் என்பதற்காக எதையும் நம்பிவிடக் கூடாது என்பதை எல்லோருமே ஒத்துக்கொள்வோம். ஆனால் கேட்க வேண்டிய நேரத்தில், "அவ்வளவு படிச்சவர் சொல்றார், எனக்கென்ன தெரியும்" என்று வாயை மூடிக்கொள்கிறோம். பெரிய தவறு இதுதான். ஒரு கேள்வியைக் கேட்க, அதன் விடை நமக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஃபிரான்ஸிஸ் கெல்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் புதிதாகச் சேர்ந்தவர். தாலிடோமைடு என்ற தூக்க மருந்துக்கு அனுமதி கேட்டு ஒரு கம்பெனியின் விண்ணப்பம் அவர் மேஜைக்கு வந்தது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த மருந்து, கர்ப்பிணிகளும் மசக்கைக்குச் சாப்பிட்டார்கள். அனுமதி சுலபமாகக் கிடைத்துவிடும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். கெல்சியோ, கொடுத்த சோதனை விவரம் போதாது என்று திருப்பி அனுப்பினார். இந்த மருந்தால் சிலருக்குக் கைகால் நரம்பு மரத்துப்போகிறது என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு கடிதத்தைப் படித்ததும் அவருடைய கேள்வி இன்னும் கூர்மையானது: பெரியவர்களின் நரம்பையே இது பாதிக்குமானால், வயிற்றில் இருக்கும் குழந்தையை என்ன செய்யும்? கம்பெனியிடம் பதில் இல்லை. மேலதிகாரிகளிடம் புகார் போனது, நெருக்கடி வந்தது. அவர் அசையவில்லை. 1961 நவம்பரில், குறையுள்ள கைகால்களோடு குழந்தைகள் பிறப்பதற்கு இந்த மருந்தே காரணம் என்று ஜெர்மனியில் தெரிய வந்தது. உலகம் முழுக்க 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் அந்த மருந்து அப்போது கடைக்கே வரவில்லை. சோதனைக்கென்று டாக்டர்களிடம் கொடுத்த மாத்திரைகளால் மட்டும் சில குழந்தைகள் பாதிக்கப்பட்டன.

கெல்சி யாரையும் பொய்யர் என்று சொல்லவில்லை. மருந்து ஆபத்தானது என்றும் அவருக்கு முன்கூட்டியே தெரியாது. "இதை நீங்கள் இன்னும் காட்டவில்லை" என்பதிலேயே நின்றார்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அதிகாரத்தை எதிர்த்துப் பேசுகிறார் என்பதற்காகவே ஒருவரை நம்பிவிடுவது. 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் டாக்டர், வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய ஒரு கட்டுரையில், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகியவற்றைத் தடுக்கும் எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்று சந்தேகம் கிளப்பினார். பல பெற்றோர் தடுப்பூசியைத் தவிர்த்தார்கள். 2002-இல் டென்மார்க்கில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது அப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை. தடுப்பூசி கம்பெனிகள் மேல் வழக்குப் போடத் தயாரான வக்கீல் தரப்பிலிருந்து அவருக்குப் பணம் வந்ததும் அம்பலமானது. 2010-இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மருத்துவர் பதிவும் பறிபோனது. அந்தப் பெற்றோர் சுயமாக யோசித்ததாகத்தான் நினைத்தார்கள். நடந்தது என்னவோ, ஒரு நாற்காலிக்குக் கொடுத்த மரியாதையை இன்னொரு நாற்காலிக்கு மாற்றியதுதான்.

ஒரு துறையில் மேதை என்றால் எல்லாத் துறையிலும் மேதை என்று எடுத்துக்கொள்வதும் இதே ரகம். வேதியியல் அறிஞர் லைனஸ் பாலிங் இரண்டு நோபல் பரிசு வாங்கியவர். வைட்டமின் சி நிறையச் சாப்பிட்டால் சளி பிடிக்காது என்று அவர் சொன்னதைச் சோதனைகள் உறுதிப்படுத்தவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "தைரியமாகக் கேள்" என்று சும்மா உசுப்பேற்றுவது நியாயமில்லை. மருந்து பாதுகாப்பானது என்று நிரூபிக்க வேண்டியது கம்பெனிதான் என்ற சட்டம் கெல்சிக்குத் துணையாக இருந்தது. வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவரைக் கோழை என்பது கொடுமை. அவருக்கும் ஒரு துணை வேண்டும்.

நம் நாட்டில் அப்படி ஒன்று, 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதன்படி தகவல் கேட்டால் அரசு அலுவலகம் பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதிலும் பலர் சறுக்குவது கேள்வியில்தான். "எங்கள் தெரு ரோடு ஏன் இவ்வளவு மோசம்?" என்று கேட்டால் உருப்படியாக எதுவும் வராது, விளக்கமோ அபிப்பிராயமோ தர வேண்டிய கட்டாயம் அதிகாரிக்கு இல்லை. அந்த ரோடு வேலைக்கான உத்தரவு, செய்த வேலையை அளந்து பதிந்த அளவுப் புத்தகம், ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்த பில் ஆகியவற்றின் நகல்களை, ஆண்டையும் தெருப் பெயரையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.