ஸ்டெர்ன்டிரைவ் பராமரிப்பு: கியர் ஆயில், கிரீஸ், பெல்லோஸ்

ஸ்டெர்ன்டிரைவ் படகில் எஞ்சின் உள்ளே நனையாமல் உட்கார்ந்திருக்கும். கியர்களும் ப்ரொப்பெல்லரும் வெளியே தண்ணீரில் இருக்கும், இந்த வெளிப்பகுதியைத்தான் டிரைவ் என்கிறோம். இரண்டையும் இணைக்கும் தண்டு, படகின் பின்சுவரில் உள்ள ஒரு பெரிய ஓட்டை வழியாகப் போகிறது. அந்த ஓட்டைக்குள் தண்ணீர் வராமல் தடுப்பது பெல்லோஸ் என்ற மடிப்பு ரப்பர் குழாய்தான். 1959-ல் வால்வோ பென்டா அக்வாமேட்டிக் வந்த காலத்திலிருந்து இந்த அடிப்படை அமைப்பு மாறவில்லை. அதனால் ஆயில் மாற்றும்போதும் கிரீஸ் அடிக்கும்போதும் ஒரே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் எங்காவது உள்ளே போயிருக்கிறதா?

பொதுவாக 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை, அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது இந்த வேலையைச் செய்ய வேண்டும். உங்கள் மாடலின் மேனுவல் வேறு கணக்கு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

தொடங்கும் முன்

படகைத் தண்ணீரிலிருந்து எடுத்து டிரெய்லரில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். சாவியை எடுத்துவிட்டு பேட்டரி இணைப்பையும் கழற்றுங்கள். ப்ரொப்பெல்லர் பக்கத்தில் கை வைக்கும்போது எஞ்சின் கிளம்ப வழியே இருக்கக் கூடாது.

கியர் ஆயில்

டிரைவை மேனுவல் சொல்லும் நிலையில் வைத்து, கீழே ஒரு அகலமான தட்டை வையுங்கள். கியர் பெட்டியின் அடியில் வடிகால் திருகு இருக்கும். சில மாடல்களில் ப்ரொப்பெல்லரைக் கழற்றினால்தான் அது கண்ணில் படும். மேலே இன்னொரு திருகு உண்டு, அது காற்றுத் துளைக்கானது.

முதலில் அடித் திருகைக் கொஞ்சம் மட்டும் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. படகு சில நாள் சும்மா நின்றிருந்தால், உள்ளே புகுந்த தண்ணீர் அடியில் தேங்கியிருக்கும், முதல் சொட்டுகளில் அதுதான் வரும். அந்தச் சொட்டுகளைத் தனியாகப் பிடித்துப் பாருங்கள். அப்புறம் திருகை முழுதாகக் கழற்றி, மேல் திருகையும் திறந்துவிட்டால் ஆயில் தடையில்லாமல் இறங்கும்.

இப்போது வடிந்த ஆயிலை நிதானமாகப் பாருங்கள். இந்த வேலையிலேயே முக்கியமான நேரம் இதுதான். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் ஏதோ ஒரு சீல், அதாவது தண்ணீர் புகாமல் அடைக்கும் வளையம், போய்விட்டது. புது ஆயில் ஊற்றி ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். டிரைவுக்கு அழுத்தச் சோதனை செய்து கசிவைக் கண்டுபிடித்த பிறகுதான் படகு தண்ணீரில் இறங்க வேண்டும். காந்தம் வைத்த திருகாக இருந்தால் அதில் மை போல நைசான இரும்புத் தூள் ஒட்டியிருப்பது சகஜம். விரலில் நெருடும் சில்லுகள் இருந்தால் கியரோ பேரிங்கோ தேய்ந்து உடைகிறது என்று அர்த்தம்.

புது ஆயிலைக் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும், டிரைவ் நிறைந்துவிட்டது போலத் தோன்றினாலும் உண்மையில் குறைவாகத்தான் இருக்கும். அடித் துளையில் கைப்பம்பை மாட்டி, மேல் துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வழியும் வரை மெதுவாக அடியுங்கள். பிறகு மேல் திருகை முதலில் மூடுங்கள். அதை மூடியபின் கீழே பம்பை எடுத்தாலும் ஆயில் உடனே கொட்டிவிடாது, அந்த இடைவெளியில் அடித் திருகைப் போட்டுவிடலாம். இரண்டு திருகுக்கும் புது வாஷர் போடுங்கள். பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், தண்ணீர் புக அது ஒன்று போதும். காருக்கான கியர் ஆயிலை ஊற்ற வேண்டாம், மேனுவல் குறிப்பிடும் மெரைன் கியர் ஆயில்தான் வேண்டும்.

ப்ரொப்பெல்லர் தண்டு

ப்ரொப்பெல்லரைக் கழற்றுங்கள். வாஷர்கள் எந்த வரிசையில் வருகின்றன என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. தண்டைச் சுற்றித் தூண்டில் நரம்பு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்கே தெரியாத மெல்லிய நரம்புகூட சீலை அறுத்துவிடும். தண்டின் பற்களைத் துடைத்து மெரைன் கிரீஸ் தடவி, மேனுவல் சொல்லும் அளவுக்கு நட்டை இறுக்குங்கள்.

கிரீஸ் நிப்பிள்கள்

கிம்பல் பேரிங் (பின்சுவரில் தண்டைத் தாங்கும் பேரிங்), ஸ்டியரிங் அச்சு, சில மாடல்களில் யூ-ஜாயின்ட் (டிரைவ் திரும்பும்போது தண்டு வளைய இடம் தரும் மூட்டு), இவற்றுக்கெல்லாம் கிரீஸ் நிப்பிள், அதாவது கிரீஸ் ஏற்றும் சிறு முனை, இருக்கும். நிப்பிளைத் துணியால் துடைத்த பிறகே கிரீஸ் கன்னை மாட்டுங்கள், இல்லாவிட்டால் மண்ணும் கூடவே உள்ளே போகும். ஸ்டியரிங் அச்சில் பழைய கிரீஸ் வெளியே தள்ளப்பட்டுப் புதுசு எட்டிப் பார்க்கும் வரை அடிக்கலாம். கிம்பல் பேரிங்குக்கு அப்படி அடிக்காதீர்கள், மிஞ்சியது பெல்லோஸுக்குள் போய்ச் சேரும். மேனுவல் சொல்லும் அளவு போதும். புதிய மாடல்கள் பலவற்றில் இந்த பேரிங் மூடி வந்திருக்கும், நிப்பிளே இருக்காது.

எஞ்சினோடு தண்டை இணைக்கும் எஞ்சின் கப்ளரின் பற்களுக்கு வேறு வகை கிரீஸ் தேவைப்படலாம். அதைச் சாதாரண மெரைன் கிரீஸோடு கலக்காதீர்கள். பெரும்பாலும் டிரைவையே கழற்றினால்தான் அந்த இடம் எட்டும். எஞ்சின் நேர்கோட்டில் நிற்கிறதா என்று பார்க்கும் அலைன்மென்ட் கருவியும் அப்போது தேவை என்பதால், முதல் வருடம் அதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

பெல்லோஸ்

டிரைவை முழுதாக மேலே தூக்கி, ரப்பரின் ஒவ்வொரு மடிப்பையும் விரலால் பிரித்து டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் மடிப்பின் அடியில்தான் ஒளிந்திருக்கும். கிளாம்ப் துருப்பிடித்திருந்தாலும் மாற்றியாக வேண்டும். பெல்லோஸ் கிழிந்தால் முதலில் கிம்பல் பேரிங்கும் யூ-ஜாயின்ட்டும் துருப்பிடிக்கும். அதைவிட மோசம், படகுக்குள்ளேயே தண்ணீர் ஏறலாம். பார்க்க நன்றாக இருந்தாலும் மேனுவல் சொன்ன காலத்தில் மாற்றிவிடுங்கள், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மற்றவை

ஆனோடு கட்டிகள், அதாவது டிரைவுக்குப் பதிலாகத் தாமே அரித்துக் கரையும் உலோகத் துண்டுகள், பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். நன்னீருக்கு மெக்னீசியம், உப்புநீருக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியம். அவற்றின் மேல் பெயின்ட் அடித்தால் அவை வேலையே செய்யாது. டிரைவை முழுதாக இறக்கிவிட்டு, அதை ஏற்றி இறக்கும் டிரிம் பம்பின் எண்ணெய் அளவையும் பாருங்கள்.

முதல் ஓட்டம்

தண்ணீர் இணைப்பு இல்லாமல் எஞ்சினைக் கிளப்பாதீர்கள், குளிர்விக்கும் தண்ணீரை இழுக்கும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் சட்டென்று கருகிவிடும். மெதுவாக ஓட்டி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பிக் கேளுங்கள். திருப்பும்போது உறுமல் வந்தால் கிம்பல் பேரிங்கைச் சந்தேகிக்கலாம், டக் டக் என்றால் யூ-ஜாயின்ட்டை. திரும்பி வந்து டிரைவ் ஆறிய பிறகு கியர் ஆயில் அளவை மறுபடி பாருங்கள். சிக்கியிருந்த காற்று வெளியேறி அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும், அதை நிரப்பிவிடுங்கள். இரண்டாவது ஓட்டத்துக்குப் பிறகும் இறங்கினால் அது கசிவு. எஞ்சின் அறையில் ஆயில் குப்பி வைத்த மாடலாக இருந்து, அதில் அளவு ஏறிக்கொண்டே போனால் உள்ளே தண்ணீர் வருகிறது, அன்றைக்கே படகை மேலே எடுத்துவிடுங்கள்.